செல்போனில் குரல் வரும் வழி

உரக்கக் கூப்பிட்டால் பக்கத்து வயலுக்குக் கேட்கும். இன்னும் உரக்கக் கூப்பிட்டால் ஆற்றின் அக்கரைக்குக் கேட்கும். அதற்கு மேல் குரல் போகாது. காற்றிலேயே தேய்ந்துவிடும்.

ஆனால் ஒடிசாவில் இருக்கும் தாய், குஜராத்தில் இருக்கும் மகனோடு பேசுகிறார். இருவருக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். தாயின் கையில் கம்பி இல்லை. மகனின் கையிலும் கம்பி இல்லை. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் குரல் கேட்கிறது.

இது மந்திரம் அல்ல. படிப்படியாகப் பார்த்தால் யாருக்கும் புரியும். புரிந்துகொண்டால் பயன் உண்டு. சிக்னல் ஏன் போகிறது? புயல் வரும்போது போனை எப்படிப் பயன்படுத்த வேண்டும்? போன் தொலைந்தால் என்ன செய்ய வேண்டும்? ஏமாற்றுக்காரர்களிடமிருந்து எப்படித் தப்புவது? இவை எல்லாவற்றுக்கும் விடை இந்தப் பாடத்தில் இருக்கிறது.

1. கம்பி இல்லாத வழி

முன்பு வீட்டுத் தொலைபேசி இருந்தது. அதற்குக் கம்பி வேண்டும். குரல் மின்சாரமாக மாறிக் கம்பி வழியே ஓடும். மறுமுனையில் அந்த மின்சாரம் மீண்டும் குரலாக மாறும்.

கம்பி இல்லாமலும் செய்தி போகும். இதைக் காட்டியவர்களில் ஒருவர் நம் நாட்டு விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ். 1895-ஆம் ஆண்டு கல்கத்தாவில் மக்கள் முன்னால் அவர் ஒரு சோதனை செய்து காட்டினார். கண்ணுக்குத் தெரியாத அலைகளை அனுப்பினார். அந்த அலைகள் சுவரைத் தாண்டிப் போயின. தூரத்தில் இருந்த மணி ஒலித்தது. நடுவில் கம்பி எதுவும் இல்லை.

அந்த அலைகளுக்கு ரேடியோ அலைகள் என்று பெயர். வெளிச்சமும் இந்த அலைகளும் ஒரே குடும்பம். வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும். ரேடியோ அலை தெரியாது. இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுகின்றன. ஒரு விநாடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர்!

வானொலிப் பெட்டியும் இந்த அலைகளால்தான் பாடுகிறது. ஆனால் வானொலிப் பெட்டி கேட்க மட்டுமே செய்யும். செல்போன் கேட்கவும் செய்யும், சொல்லவும் செய்யும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்ன வானொலி நிலையம் என்று அதைச் சொல்லலாம்.

நாம் பேசும் குரலைப் போன் முதலில் மின்சாரமாக மாற்றுகிறது. பிறகு அதை எண்களாக மாற்றுகிறது. அந்த எண்களை அலையில் ஏற்றி அனுப்புகிறது. படமானாலும் பாட்டானாலும் பணம் அனுப்பும் செய்தியானாலும் எல்லாம் எண்களாகத்தான் போகின்றன.

2. 'செல்' என்றால் என்ன?

செல்போன் சின்னது. அதன் பலம் குறைவு. அது அனுப்பும் அலை வெகுதூரம் போகாது. பக்கத்தில் உள்ள டவர் வரைக்கும்தான் போகும்.

அப்படியானால் வானத்தைத் தொடும் ஒரே ஒரு பெரிய டவரைக் கட்டி, மாவட்டம் முழுவதற்கும் பயன்படுத்தலாமே?

முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

ஒரு பெரிய ஊர். அந்த ஊருக்கு ஒரே கிணறு. ஒரே நேரத்தில் பத்துப் பேர்தான் நீர் இறைக்க முடியும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். தெருவுக்கு ஒரு கிணறு வெட்டினால்? எல்லோருக்கும் நீர் கிடைக்கும்.

ரேடியோ அலைகளும் அப்படித்தான். பேசுவதற்கு என்று ஒதுக்கப்பட்ட அலைவரிசைகள் கொஞ்சம்தான். ஒரே டவர் இருந்தால் சிலர் மட்டுமே பேச முடியும். அதனால் நாட்டைச் சின்னச் சின்ன வட்டாரங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் டவர் வைத்தார்கள். பக்கத்துப் பக்கத்து வட்டாரங்கள் ஒன்றோடு ஒன்று மோதாதபடி அலைவரிசைகளைப் பங்கிட்டுக்கொண்டன. தள்ளி இருக்கும் வட்டாரத்தில் அதே அலைவரிசையை மறுபடியும் பயன்படுத்தலாம். கொஞ்ச அலைவரிசையில் கோடிக்கணக்கானோர் பேச வழி பிறந்தது.

இந்த வட்டாரத்துக்குத்தான் 'செல்' என்று பெயர். தேன்கூட்டில் அறைகள் அடுத்தடுத்து இருக்கும் அல்லவா? அதுபோல ஊர் முழுவதும் செல்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அதனால்தான் இது செல்போன்.

நகரத்தில் கூட்டம் அதிகம். அங்கே ஒரு செல் சில நூறு மீட்டர்தான் இருக்கும். கிராமத்தில் ஒரு செல் பல கிலோமீட்டர் விரிந்திருக்கும்.

இந்த யோசனை அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் 1947-ஆம் ஆண்டில் பிறந்தது. கையில் எடுத்துச் செல்லும் போனில் முதன்முதலாகப் பேசியவர் மார்ட்டின் கூப்பர் என்ற பொறியாளர். 1973-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் நியூயார்க் நகரத் தெருவில் நின்று பேசினார். அந்தப் போனின் எடை ஒரு கிலோவுக்கு மேல்!

இந்தியாவில் 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் செல்போன் பேச்சு தொடங்கியது. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து பேசினார். டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராம் கேட்டார். அந்தக் காலத்தில் கூப்பிட்டவருக்கும் செலவு, போனை எடுத்தவருக்கும் செலவு. பணக்காரர்கள் கையில் மட்டுமே செல்போன் இருந்தது. 2003-ஆம் ஆண்டில் வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் நீங்கியது. அதன் பிறகு கூலி வேலை செய்பவர் கைக்கும் அது வந்துசேர்ந்தது. இன்று நாட்டில் நூறு கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருக்கின்றன.

3. டவரில் என்ன இருக்கிறது?

அடுத்த முறை டவரைப் பார்க்கும்போது நன்றாகக் கவனியுங்கள்.

உச்சியில் நீளமான பெட்டிகள் நின்றவாக்கில் மாட்டியிருக்கும். அவைதான் ஆன்டெனாக்கள். நம் போன் அனுப்பும் அலையை வாங்குபவை அவை. நமக்கு அலையை அனுப்புபவையும் அவையே. மூன்று பக்கம் பார்த்து மூன்று பெட்டிகள் இருப்பது வழக்கம். ஒவ்வொன்றும் ஊரின் ஒரு பக்கத்தைக் கவனித்துக்கொள்ளும்.

சில டவர்களில் முரசு போன்ற வட்டமான பொருளும் இருக்கும். அது நம் போனோடு பேசுவதில்லை. தூரத்தில் உள்ள இன்னொரு டவரோடு நேருக்கு நேர் பேசுகிறது.

டவரின் அடியில் இயந்திரப் பெட்டி இருக்கும். மின்சாரம் நின்றால் உதவ பேட்டரிகள் இருக்கும். பல இடங்களில் டீசல் ஜெனரேட்டரும் இருக்கும். பூமிக்கு அடியில் கண்ணாடி இழைக் கம்பி வந்து சேரும். அந்த இழை தலைமுடி போல மெல்லியது. அதற்குள் மின்சாரம் ஓடுவதில்லை, வெளிச்சம் ஓடுகிறது. அந்த வெளிச்சம்தான் குரலைச் சுமந்து செல்கிறது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். செல்போனுக்குக் கம்பியே இல்லை என்று நினைக்கிறோம். உண்மையில் போனிலிருந்து டவர் வரைக்கும்தான் கம்பி இல்லை. அதற்குப் பிறகு பெரும்பாலான வழியைக் குரல் கம்பியில்தான் கடக்கிறது. சாலைக்குக் குழி தோண்டும்போது அந்தக் கம்பி அறுந்தால், டவர் நின்றுகொண்டே இருக்கும். போன் மட்டும் பேசாது.

4. கஞ்சத்திலிருந்து சூரத்துக்கு

ஒடிசாவில் கஞ்சம் என்று ஒரு மாவட்டம் உண்டு. அங்கிருந்து ஏராளமான ஆண்கள் குஜராத்தின் சூரத் நகருக்குப் போகிறார்கள். அங்கே விசைத்தறிகளில் வேலை செய்கிறார்கள். வீட்டுக்கும் அவர்களுக்கும் உள்ள உறவு பெரும்பாலும் போனில்தான்.

கஞ்சத்தில் ஒரு தாய் சூரத்தில் உள்ள மகனைக் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கிறது?

முதல் படி: தாயின் போன் பக்கத்து டவருக்குச் சொல்கிறது: "இந்த எண்ணோடு பேச வேண்டும்."

இரண்டாம் படி: டவர் அதை இணைப்பகத்துக்கு அனுப்புகிறது. இணைப்பகம் என்பது பெரிய கணினிகள் உள்ள இடம். பல டவர்களுக்குத் தலைமை அஞ்சலகம் போன்றது அது.

மூன்றாம் படி: மகன் எங்கே இருக்கிறான் என்று இணைப்பகம் தேடுகிறது. இந்தியா முழுவதும் தேட முடியுமா? தேவையில்லை. கம்பெனியிடம் ஒரு பதிவேடு இருக்கிறது. எந்த எண் இப்போது எந்தப் பகுதியில் இருக்கிறது என்று அதில் இருக்கும்.

அந்தப் பதிவேட்டில் எழுதியது யார்? மகனின் போன்தான்! நாம் பேசாதபோதும் போன் சும்மா இருப்பதில்லை. புதிய பகுதிக்குப் போனதும், "இங்கே வந்திருக்கிறேன்" என்று டவருக்குச் சொல்லிவிடுகிறது. வெளியூர் போகிறவர் அஞ்சலகத்தில் புது விலாசம் எழுதிக்கொடுப்பது போல. மகன் ரயிலில் போகப் போக அவன் விலாசமும் மாறிக்கொண்டே போயிருக்கும்.

நான்காம் படி: பதிவேடு 'சூரத்' என்று சொல்கிறது. அழைப்பு கண்ணாடி இழை வழியாகச் சூரத் இணைப்பகத்துக்குப் பாய்கிறது.

ஐந்தாம் படி: சூரத்தின் அந்தப் பகுதியில் பல டவர்கள் உண்டு. எல்லா டவர்களும் ஒரே நேரத்தில் தண்டோரா போடுகின்றன: "இந்த எண்ணுக்கு அழைப்பு! எங்கே இருக்கிறாய்?" அந்தப் பகுதியில் உள்ள எல்லாப் போன்களுக்கும் அது கேட்கும். மகனின் போன் மட்டும், "இதோ இருக்கிறேன்" என்று பதில் சொல்லும்.

ஆறாம் படி: பதில் வந்த டவர் வழியாக மணி அடிக்கிறது. மகன் போனை எடுக்கிறான்.

இவ்வளவும் நடப்பது சில விநாடிகளில். தண்டோராவுக்குப் பதில் வராவிட்டால்தான், "நீங்கள் அழைத்தவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்" என்ற குரல் கேட்கிறது. அவர் போனை எடுக்கவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. அழைப்பு அவரிடம் போய்ச் சேரவே இல்லை என்று பொருள். கோபப்படாமல் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட வேண்டும்.

5. ஓடும் பேருந்தில் பேச்சு அறுவதில்லையே, ஏன்?

பூரியிலிருந்து புவனேஸ்வருக்குச் சுமார் 60 கிலோமீட்டர். ஒருவர் பேருந்தில் பேசிக்கொண்டே போகிறார். வழியில் எத்தனையோ செல்களைக் கடக்கிறார். ஆனால் பேச்சு அறுவதில்லை.

போன் எப்போதும் சுற்றியுள்ள டவர்களின் பலத்தை அளந்துகொண்டே இருக்கிறது. அளந்ததை டவருக்குச் சொல்கிறது. பழைய டவரின் பலம் குறைகிறது. புதிய டவரின் பலம் கூடுகிறது. உடனே பழைய டவர், பேச்சைப் புதிய டவரிடம் ஒப்படைக்கிறது. ஒருவர் இடுப்பில் இருக்கும் குழந்தையை இன்னொருவர் கைமாற்றி வாங்குவது போல. குழந்தை கீழே விழுவதில்லை. பேசுகிறவருக்கும் தெரிவதில்லை.

புதிய டவரில் இடம் இல்லாவிட்டால் கைமாற்ற முடியாது. அடுத்த டவரே இல்லாத காட்டுப் பகுதியானாலும் முடியாது. அப்போதுதான் பேச்சு பாதியில் அறுகிறது.

6. இரண்டு அடையாளங்கள்

ஒவ்வொரு செல்போனுக்கும் இரண்டு அடையாளங்கள் உண்டு.

ஒன்று சிம் கார்டு. விரல் நகம் அளவுள்ள அட்டை. 'இவர் எங்கள் வாடிக்கையாளர்' என்று கம்பெனிக்குக் காட்டுவது அதுதான். சிம் கார்டை வேறு போனில் போட்டால் நம் எண்ணும் அந்தப் போனுக்குப் போய்விடும்.

இன்னொன்று ஐ.எம்.இ.ஐ. எண். அது போன் கருவியின் எண். 15 இலக்கங்கள் உடையது. வண்டிக்குச் சேஸிஸ் எண் இருப்பது போல. சிம்மை மாற்றினாலும் இந்த எண் மாறாது.

போனில் *#06# என்று அழுத்துங்கள். திரையில் அந்த எண் வரும். இரண்டு சிம் போனில் இரண்டு எண்கள் வரும். அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பத்திரமாக வையுங்கள்.

போன் திருடு போனால் முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும். பழைய சிம்மை நிறுத்தச் சொல்லி, அதே எண்ணில் புது சிம் வாங்க வேண்டும். பிறகு மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். இந்த வசதி 2023-ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் உண்டு. பதிவு செய்த பிறகு அந்தப் போன் நாட்டில் எந்தக் கம்பெனி டவரிலும் வேலை செய்யாது. போன் திரும்பக் கிடைத்தால் தடையை நீக்கிக்கொள்ளலாம்.

அதே இணையதளத்தில் இன்னொன்றும் பார்க்கலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம்கள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளலாம். நீங்கள் வாங்காத சிம் இருந்தால் புகார் செய்யலாம். உங்கள் ஆதார் நகலைக் கொண்டு வேறொருவர் சிம் வாங்கியிருக்கலாம். அந்த சிம்மில் அவர் குற்றம் செய்தால் காவலர்கள் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

7. சிக்னல் ஏன் குறைகிறது?

போன் திரையின் மேலே சின்னக் கோடுகள் இருக்கும். அவை டவரின் பலத்தைக் காட்டுகின்றன. கோடுகள் குறையக் காரணங்கள் இவை:

தூரம். டவரை விட்டுத் தள்ளிப் போகப் போக அலை மெலிந்துவிடும்.

மறைப்பு. மலை, காங்கிரீட் சுவர், தகரக் கூரை ஆகியவை அலையைத் தடுக்கும். தகரக் கொட்டகைக்குள் சிக்னல் இல்லாவிட்டால் வெளியே வந்து பேச வேண்டும். மாடியிலும் மேட்டிலும் நன்றாகக் கேட்கும்.

கூட்டம். பூரி தேர்த் திருவிழாவில் லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். எல்லோரும் ஒரே செல்லில் நின்று பேச முயல்கிறார்கள். கோடுகள் நிறைய இருக்கும், ஆனால் அழைப்பு போகாது. கிணற்றில் நீர் இருக்கிறது, இறைக்கத்தான் இடம் இல்லை.

மின்சாரம். டவரின் பேட்டரி தீர்ந்தால் டவர் உறங்கிவிடும்.

இன்னொரு செய்தி. டவர் தூரத்தில் இருந்தால் போன் தன் பலத்தைக் கூட்டிக் கத்த வேண்டியிருக்கும். அதனால்தான் சிக்னல் குறைந்த இடத்தில் சார்ஜ் வேகமாகத் தீர்கிறது.

டவரால் உடம்புக்குக் கெடுதல் வருமா என்று பலர் கேட்கிறார்கள். எக்ஸ்ரே போல உடலின் அணுக்களை உடைக்கும் பலம் இந்த அலைகளுக்கு இல்லை. தூரம் கூடக் கூட அவை வேகமாக மெலிகின்றன. டவர்களுக்கு இந்தியா 2012-ஆம் ஆண்டில் ஒரு வரம்பு வைத்தது. அது சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கு. காதோடு ஒட்டிவைக்கும் போனிலிருந்துதான் நமக்கு அதிக அலை வருகிறது. நீண்ட நேரம் பேசுவோர் ஒலிபெருக்கியில் போட்டுப் பேசலாம்.

8. மீன் வீணாகாத கதை

கேரளத்தின் வடக்குக் கடற்கரையில் வடகரை என்ற ஊர் இருக்கிறது. அங்கே மத்தி மீன் பிடிப்பு முக்கியத் தொழில்.

1997-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஒரு நாள் காலை. 11 மீனவர்கள் நிறைய மீனோடு கரைக்கு வந்தார்கள். வாங்க ஆள் இல்லை. மீனைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த வேறு சந்தைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பும் நிலையில் இருந்தார்கள்.

ஒரு பக்கம் மீன் இருந்தது. இன்னொரு பக்கம் பணம் இருந்தது. நடுவில் செய்தி மட்டும் இல்லை.

1997-க்கும் 2001-க்கும் இடையில் அந்தக் கடற்கரையில் டவர்கள் வந்தன. கரையோர டவரின் அலை கடலுக்குள் 20, 25 கிலோமீட்டர் வரை எட்டியது. கடலில் மறைக்க மலையும் இல்லை, கட்டிடமும் இல்லை. மீனவர்கள் படகிலிருந்தே ஒவ்வொரு சந்தைக்கும் போன் செய்தார்கள். எங்கே நல்ல விலையோ அங்கே படகைத் திருப்பினார்கள்.

ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர் இதைப் பல ஆண்டுகள் கணக்கெடுத்தார். 2007-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார். முன்பு நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு மீன் வீணானது. பிறகு வீணாவது ஏறக்குறைய நின்றுவிட்டது. மீனவரின் லாபம் நூற்றுக்கு 8 பங்கு உயர்ந்தது. மீன் வாங்குவோருக்கு விலை 4 பங்கு குறைந்தது. விற்றவருக்கும் லாபம், வாங்கியவருக்கும் லாபம்!

9. புயலும் போனும்

1999-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் ஒடிசாவைப் பெரும்புயல் தாக்கியது. ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். தொலைபேசிக் கம்பங்கள் சாய்ந்தன. எந்த ஊர் மூழ்கியது, எங்கே யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தியே வெளியே வரவில்லை.

2019-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் 'ஃபானி' புயல் பூரி அருகே கரையைக் கடந்தது. அதுவும் கடும் புயல்தான். ஆனால் அதற்கு முன்பே லட்சக்கணக்கான செல்போன்களுக்கு எச்சரிக்கைக் குறுஞ்செய்திகள் போயின. ஒலிபெருக்கியிலும் தொலைக்காட்சியிலும் சொன்னார்கள். தொண்டர்கள் வீடு வீடாகப் போனார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதுகாப்பான இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இறந்தோர் எண்ணிக்கை இந்தியாவில் நூறைத் தாண்டவில்லை.

செய்தி சரியான நேரத்தில் வந்தது. மக்கள் அதை நம்பி எழுந்து போனார்கள். உயிர்கள் தப்பின.

இப்போது இன்னொரு முறையும் வந்திருக்கிறது. ஆபத்து உள்ள பகுதியின் டவர்கள், அங்கே உள்ள எல்லாப் போன்களுக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை சொல்லும். யாருடைய எண்ணும் தேவையில்லை. போன் வினோதமான ஒலியோடு அலறும். திரையில் செய்தி வரும். 2023-ஆம் ஆண்டில் இதைப் பல மாநிலங்களில் சோதித்துப் பார்த்தார்கள். அலறல் கேட்டால் பயந்து போனை அணைக்கக் கூடாது. திரையில் உள்ளதைப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கும் படித்துச் சொல்ல வேண்டும்.

புயல் வருகிறது என்றால்:

• மின்சாரம் இருக்கும்போதே போனை முழுவதும் சார்ஜ் செய்யுங்கள்.
• முக்கியமான எண்களைத் தாளிலும் எழுதி வையுங்கள். போன் அணைந்தால் எண்ணும் போய்விடும்.
• பாட்டு, படம் பார்த்துச் சார்ஜைத் தீர்க்காதீர்கள்.
• அழைப்பு போகாவிட்டால் குறுஞ்செய்தி அனுப்புங்கள். அதற்குக் கொஞ்சம் இடமே போதும். மறுமுனைப் போன் அணைந்திருந்தாலும் செய்தி கம்பெனியில் காத்திருக்கும். பிறகு போய்ச் சேரும்.
• ஆபத்தில் 112 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். உங்கள் கம்பெனியின் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு கம்பெனியின் டவர் எட்டினால் அதன் வழியாகப் பேசப் போன் முயலும்.

10. பூட்டும் சாவியும்

வங்கியில் பணம் எடுக்கும்போது போனுக்கு ஓர் எண் வரும். அதற்கு ஓ.டி.பி. என்று பெயர். ஒரே ஒரு முறை பயன்படும் எண் அது.

அந்த எண் ஏன் போனுக்கு வருகிறது? உங்கள் சிம் உங்கள் கையில் இருக்கிறது என்று வங்கி நம்புகிறது. டவர் தண்டோரா போட்டு உங்கள் போனைக் கண்டுபிடித்து, உங்களிடம் மட்டும் அந்த எண்ணைக் கொடுக்கிறது. அது உங்கள் பெட்டியின் சாவி.

திருடனால் அந்தத் தண்டோராவுக்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் உங்களிடமே கேட்கிறான். "அம்மா, பேங்கிலிருந்து பேசுகிறேன். உங்கள் கார்டு நின்றுவிடும். இப்போது வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்பான். மரியாதையாகப் பேசுவான். அவசரப்படுத்துவான். சில நேரம் போலீஸ் என்று மிரட்டுவான்.

எந்த வங்கியும் ஓ.டி.பி. கேட்காது. யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். போனை வைத்துவிடுங்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

மற்ற போன்களில் சிக்னல் இருக்கிறது. உங்கள் போனில் மட்டும் பல மணி நேரமாக இல்லை. அப்போதும் கவனம் தேவை. உங்கள் எண்ணில் வேறு யாராவது புது சிம் வாங்கியிருக்கலாம். வேறு போனிலிருந்து கம்பெனிக்கும் வங்கிக்கும் உடனே சொல்லுங்கள்.

டவரை நட்டவர்கள் பொறியாளர்கள். ஆனால் போன் நம் கையில் இருக்கிறது. எந்தச் செய்தியை நம்புவது, எதை நம்பாமல் விடுவது, எப்போது யாரைக் கூப்பிடுவது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். எழுத்தறிந்தவருக்கு அது எளிது.

புதிய சொற்கள்

செல் – ஒரு டவர் கவனித்துக்கொள்ளும் வட்டாரம்.
ஆன்டெனா – அலையை வாங்கவும் அனுப்பவும் உதவும் கருவி.
இணைப்பகம் – அழைப்புகளைச் சேர்த்துவைக்கும் இடம்.
கண்ணாடி இழை – வெளிச்சத்தில் செய்தியைச் சுமக்கும் மெல்லிய கம்பி.
ஓ.டி.பி. – ஒரு முறை மட்டும் பயன்படும் இரகசிய எண்.

விடை சொல்லுங்கள்

1. ஒரே பெரிய டவர் வைக்காமல் பல டவர்கள் வைப்பது ஏன்?
2. மகன் சூரத்தில் இருப்பது கம்பெனிக்கு எப்படித் தெரிகிறது?
3. திருவிழாக் கூட்டத்தில் அழைப்பு போகாதது ஏன்?
4. வடகரை மீனவர்கள் மீனைக் கொட்டியது ஏன்? டவர் வந்த பிறகு என்ன மாறியது?
5. "பேங்கிலிருந்து பேசுகிறேன், எண்ணைச் சொல்லுங்கள்" என்று ஒருவர் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

செய்து பாருங்கள்

1. உங்கள் போனில் *#06# அழுத்தி, வரும் எண்ணை நோட்டில் எழுதுங்கள்.
2. வீட்டில் எந்த இடத்தில் சிக்னல் கோடுகள் அதிகம் என்று நடந்து பார்த்துக் கண்டுபிடியுங்கள்.
3. 112, 1930 ஆகிய எண்களையும் உறவினர் நால்வரின் எண்களையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள்.